ஏலக் கோட்பாடு படிக்கும் முறை: இரண்டு ஏலதாரர், நூறு ரூபாய், கடைசித் தேற்றம் வரை

எம்.ஏ. பொருளாதாரத்திலோ எம்.டெக். கணினி அறிவியலிலோ ஏலக் கோட்பாட்டை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் திணறுவது பெரும்பாலும் கணக்கு வராததால் இல்லை. வாரத்துக்கு ஒரு தேற்றம் என்று மனப்பாடம் ஏறிக்கொண்டே போகும். அது எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பது மட்டும் பிடிபடாது. தேர்வில் அனுமானம் ஒன்றை மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிடும். இதற்கு வழி, மிக எளிய எடுத்துக்காட்டு ஒன்றை முதல் வாரமே எடுத்துக்கொண்டு, வரும் தேற்றம் ஒவ்வொன்றையும் அதில் எண் போட்டுப் பார்ப்பது. பிறகு அனுமானங்களை ஒவ்வொன்றாக உடைத்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று குறித்துவைப்பது.

எடுத்துக்காட்டு இது. ஒரு பொருள், இரண்டு ஏலதாரர்கள். ஒவ்வொருவருக்கும் அந்தப் பொருளின் மதிப்பு 0 முதல் 100 ரூபாய்க்குள் எதுவாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. ஒருவர் மதிப்புக்கும் மற்றவர் மதிப்புக்கும் தொடர்பில்லை. தன் மதிப்பு தனக்குத் தெரியும், எதிராளியுடையது தெரியாது. விற்பவருக்குப் பொருள் கையில் நின்றால் மதிப்பு பூஜ்யம். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிகழ்தகவில் ஒரே ஒரு பகுதி மிக முக்கியம்: வரிசைப் புள்ளியியல். 0–100க்குள் இரண்டு எண்களைக் குலுக்கி எடுத்தால் பெரியதன் சராசரி 66.67, சிறியதன் சராசரி 33.33. எண்ணிக்கை கூடும்போது பெரியதன் சராசரி 100 × எண்ணிக்கை ÷ (எண்ணிக்கை + 1). இரண்டாவது பெரியதற்கு, மேலே எண்ணிக்கையில் ஒன்று குறையும். இவற்றைப் புத்தகம் பார்க்காமல் வருவிக்கத் தெரியாவிட்டால் பாடத்தைத் தொடங்க வேண்டாம், இரண்டு வாரம் இதிலேயே செலவிடுங்கள். கூடவே நிபந்தனைச் சராசரி: ‘என் மதிப்பு 80, அதுவே பெரியது என்றால் எதிராளியின் சராசரி மதிப்பு என்ன?’ என்ற கேள்விக்கு 40 என்று யோசிக்காமல் வர வேண்டும். பாடத்தின் பாதிக் கணக்குகள் இந்தக் கேள்வியின் மாறுவேடங்கள்தான்.

நுண்கணிதத்தில் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, பகுதித் தொகையிடல், தொகையிடும் வரிசையை மாற்றுவது, உறைத் தேற்றம் (envelope theorem: சிறந்த தேர்வில் கிடைக்கும் லாபம் மதிப்போடு எப்படி மாறும் என்று சொல்வது). மெய்ப் பகுப்பாய்வு சமநிலை இருக்கிறதா என்ற நிரூபணங்களுக்குத்தான் தேவை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேம் தியரியில் பலர் தேவையில்லாத இடத்தில் நேரத்தைக் கொட்டுகிறார்கள். ஏலத்துக்கு வேண்டியது பேயஸ் ஆட்டங்கள், அதாவது ஹர்சானி 1967–68இல் மூன்று பகுதிகளாக எழுதிய கட்டுரையில் இருந்து வந்த கட்டமைப்பு. எதிராளியின் ‘வகை’ தெரியாது, அதன் பரவல் தெரியும், உத்தி என்பது வகையில் இருந்து செயலுக்குப் போகும் ஒரு சார்பு. இந்தக் கடைசிச் சொற்றொடரைத்தான் மாணவர்கள் தவறவிடுகிறார்கள். ‘ராமு 40 ரூபாய் கேட்பார்’ என்பது உத்தி இல்லை. ‘மதிப்பு எதுவானாலும் அதில் பாதியைக் கேட்பார்’ என்பது உத்தி. நாஷ் சமநிலையின் (யாரும் தனியாக உத்தியை மாற்றி லாபம் பெற முடியாத நிலை) நூறு நுட்பமான திருத்தங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு ராபர்ட் கிப்பன்ஸின் சிறிய பாடநூலின் மூன்றாம் அத்தியாயம் வரை போதும். அதன் பின் ஏலத்துக்கென்றே விஜய் கிருஷ்ணா எழுதிய பாடநூலுக்குப் போய்விடலாம். அதிலும் முதல் ஐந்தாறு அத்தியாயங்களை இரண்டு முறை படிப்பது, முழுப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டுவதைவிட மேல்.

முதல் கணக்கு: இரண்டாம் விலை, முதல் விலை

மூடிய உறையில் எழுதிக் கொடுக்கிறார்கள். அதிகம் எழுதியவருக்குப் பொருள், ஆனால் அவர் கட்டுவது இரண்டாவது தொகையை. விக்ரி 1961இல் ஆராய்ந்த ஏலம் இது. தன் மதிப்பையே எழுதுவதுதான் இதில் நல்லது என்பதற்கு மூன்று நிலைகளைப் பார்த்தால் போதும்: எதிராளியின் தொகை என் மதிப்புக்கு மேல், கீழ், நான் மாற்றி எழுதியதற்கும் என் மதிப்புக்கும் நடுவில். நடுவில் விழும்போது மட்டுமே முடிவு மாறுகிறது, அப்போது நஷ்டம் எனக்குத்தான்.

இங்கே விடைத்தாளில் வழக்கமாகக் காணும் தவறு, ‘இது ஒரு நாஷ் சமநிலை’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது. உண்மை அதைவிட வலுவானது: எதிராளி என்ன செய்தாலும் இது வேறெதற்கும் குறையாத உத்தி, அதாவது மேலாதிக்க உத்தி. நாஷ் சமநிலை என்று மட்டும் பார்த்தால் விசித்திரமானவையும் உள்ளே வரும். ஒருவர் எப்போதும் 100 எழுதுகிறார், மற்றவர் எப்போதும் 0 எழுதுகிறார் என்று வைத்துப் பாருங்கள். இருவருக்கும் மாற்றிக்கொள்ள ஆசை வராது. விற்பவருக்குக் கிடைப்பது பூஜ்யம். இதைத் தாங்களே எழுதிப் பார்த்தவர்களுக்கு ‘மேலாதிக்க உத்தி’க்கும் ‘சமநிலை’க்கும் வேறுபாடு பிறகு மறக்காது.

இனி முதல் விலை: வென்றவர் தான் எழுதியதையே கட்டுகிறார். எதிராளி தன் மதிப்பில் பாதி எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டால், நான் 30 எழுதினால் வெல்லும் வாய்ப்பு 30 ÷ 50. பொதுவாக லாபம் (மதிப்பு − கேட்பு) × கேட்பு ÷ 50. வகையிட்டுப் பூஜ்யமாக்கினால் கேட்பு = மதிப்பு ÷ 2. அழகாக வந்துவிட்டது என்று பேனாவை மூடிவிடக் கூடாது. நாம் செய்தது சரிபார்ப்பு மட்டுமே. பாதி என்ற ஊகத்தை நாமே உள்ளே போட்டு நாமே வெளியே எடுத்தோம். முழு வருவிப்பில் கேட்புச் சார்பு ஏறுமுகமானது என்று மட்டும் கொண்டு, எதிராளியின் சார்பைத் தலைகீழாக்கி, வகைக்கெழுச் சமன்பாட்டை அமைத்து, ‘மதிப்பு 0 என்றால் கேட்பு 0’ என்ற எல்லை நிபந்தனையோடு தீர்க்க வேண்டும். தவறு நடப்பது இரண்டு இடங்களில். தலைகீழ்ச் சார்பை வகையிடும்போது கீழே போக வேண்டிய வகைக்கெழு மேலே போய்விடும். அடுத்தது, எல்லை நிபந்தனையை மறந்து ஒரு மாறிலியைத் தொங்கவிட்டு முடிப்பது. இரண்டையும் பிடிக்க எளிய சோதனை: ஏலதாரர் எண்ணிக்கையை மூன்றாக்கினால் கேட்பு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்காக வர வேண்டும், எண்ணிக்கை மிகப் பெரிதானால் மதிப்பையே தொட வேண்டும்.

அடுத்து வருவாய். இரண்டாம் விலையில் விற்பவருக்குச் சிறிய மதிப்பு கிடைக்கிறது: சராசரி 33.33. முதல் விலையில் பெரிய மதிப்பில் பாதி: 66.67 ÷ 2, மறுபடி 33.33. வென்றாலும் தோற்றாலும் எல்லோரும் கட்டும் ஏலத்தைச் செய்து பாருங்கள். கேட்பு, மதிப்பின் வர்க்கத்தை 200ஆல் வகுத்தது என்று வரும். ஒருவர் சராசரியாகக் கட்டுவது 16.67, இருவருக்கும் சேர்த்து 33.33. மூன்று வடிவங்கள், ஒரே தொகை. இந்த மூன்றையும் கையால் செய்யாமல் வருவாய்ச் சமத் தேற்றத்தைப் படிப்பதில் பயனில்லை.

தேற்றத்தை ‘எல்லா ஏலமும் ஒரே வருவாய் தரும்’ என்று சுருக்குவதுதான் இந்தப் பாடத்தின் மிகப் பரவலான பிழை. நிபந்தனைகளை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: மதிப்புகள் ஒன்றையொன்று சாராதவை, ஏலதாரர்கள் இடர் பற்றிக் கவலைப்படாதவர்கள், பொருள் யாருக்குப் போகிறது என்பது இரண்டு ஏலத்திலும் ஒன்றே, மிகக் குறைந்த மதிப்புள்ளவருக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றே. சமம் என்பதும் சராசரியில் மட்டும். நம் எடுத்துக்காட்டில் முதல் விலை வருவாயின் திட்டவிலக்கம் 11.8, இரண்டாம் விலையில் 23.6. வருவாய் நிச்சயமாக வர வேண்டும் என்று நினைக்கும் விற்பனையாளருக்கு இரண்டும் ஒன்றில்லை.

கணினியில் சரிபார்ப்பு

பைத்தானில் பத்து வரி போதும். நம்பை (NumPy) என்ற கணித நூலகம் கொண்டு 0–100க்குள் இரண்டு நெடுவரிசை, 1,00,000 வரிசை எண்கள் எடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் பெரியதில் பாதி, சிறியது, இரண்டின் சராசரியும் திட்டவிலக்கமும். இரண்டாம் விலைச் சராசரியின் பிழை 23.6ஐ ஒரு லட்சத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தது, சுமார் 0.075. ஆகவே விடை 33.18–33.48க்குள் நிற்க வேண்டும். 33.9 என்று வந்தால் ‘சுமாராகச் சரி’ என்று விடாதீர்கள், நிரலில் பிழை இருக்கிறது. ஆயிரம் முறை மட்டும் ஓட்டிவிட்டு, தேற்றம் பொய்த்தது என்று அறிக்கை எழுதியவர்கள் உண்டு. எதேச்சை எண்ணின் விதையை நிரலிலேயே பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளை அதே விடை வராது.

உடைத்துப் பார்த்தல்

முதலில் இடர் அச்சம். லாபத்தின் வர்க்கமூலமே மனநிறைவு என்று வைத்தால் முதல் விலையில் கேட்பு மதிப்பில் பாதியில் இருந்து மூன்றில் இரண்டாக ஏறும், வருவாய் 44.44. இரண்டாம் விலையில் எதுவும் மாறாது, 33.33 அப்படியே. ஏன் மாறாது என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மேலே போகலாம்.

அடுத்து அடிப்படை விலை. 50க்குக் கீழே விற்பதில்லை என்று அறிவிக்கிறோம். இரண்டாம் விலை ஏலத்தில் நான்கில் ஒரு வாய்ப்பு பொருள் விற்காது. பாதி வாய்ப்பு ஒருவர் மட்டும் 50ஐத் தாண்டுவார், வருவாய் 50. மீதி நான்கில் ஒரு வாய்ப்பு இருவரும் தாண்டுவார்கள், சராசரி 66.67. மொத்தம் 41.67. விற்காமல் போகும் அபாயத்தையும் சேர்த்தே வருவாய் கூடுகிறது. முதல் விலையில் இதே அடிப்படை விலைக்குக் கேட்பு = மதிப்பு ÷ 2 + 1250 ÷ மதிப்பு. மதிப்பு 50 என்றால் கேட்பு 50, மதிப்பு 100 என்றால் 62.50. எல்லையில் 50 வருகிறதா என்பதே உங்கள் வருவிப்புக்குச் சோதனை.

50 எங்கிருந்து வந்தது? வருவாயை உச்சமாக்கும் ஏலம் எது என்று மையர்சன் 1981இல் எழுதிய கட்டுரை வரும் இடம் இது. அவர் கட்டுரையை நேராகத் திறந்தால் கண் கட்டும். நான்கு படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உண்மை சொல்வது லாபமாக இருக்க வேண்டுமானால் மதிப்பு கூடும்போது வெல்லும் வாய்ப்பு குறையக் கூடாது. அப்படியானால் யார் எவ்வளவு கட்டுவார் என்பதை வெல்லும் வாய்ப்பே தீர்மானித்துவிடுகிறது. உறைத் தேற்றம் வேலை செய்யும் இடம் இது. பிறகு வருவாயை இரட்டைத் தொகையாக எழுதி, தொகையிடும் வரிசையை மாற்ற வேண்டும். மாற்றியதும் ஒவ்வொரு ஏலதாரரின் மதிப்பும் ‘மெய்நிகர் மதிப்பு’ என்ற வேறொரு எண்ணாக மாறி நிற்கும். நம் எடுத்துக்காட்டில் அது 2 × மதிப்பு − 100. அது பூஜ்யமாகும் இடம் 50. ஏலதாரர் எண்ணிக்கை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் அடிப்படை விலை அதே 50. மெய்நிகர் மதிப்பு ஏறுமுகமாக இல்லாத பரவல்களுக்கு ‘இஸ்திரி போடும்’ முறை ஒன்று உண்டு. முதல் வாசிப்பில் அதைத் தாண்டிப் போங்கள்.

இதற்கு எதிர்க்குரல் 1996இல் புலோவும் கிளம்பரரும் எழுதியது. அடிப்படை விலையே வைக்காமல் மூன்றாவது ஏலதாரர் ஒருவரைக் கூட்டி வந்தால் வருவாய் 50. நுட்பமாகக் கணக்குப் போட்டு வைத்த அடிப்படை விலை தந்தது 41.67. ஏலத்தை நடத்துபவருக்கு எது அவசரம் என்பதை இந்த இரண்டு எண்கள் போல வேறெதுவும் சொல்வதில்லை.

மையர்சன் தேற்றத்தின் மறைந்த அனுமானம் ஒன்றை இந்திய அலைக்கற்றை ஏலத்தில் பார்க்கலாம். 2016இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ₹11,485 கோடி என்று அடிப்படை விலை வைத்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் விலையைக் குறைத்தும் போகவில்லை. 2022 ஏலத்தில் ₹3,927 கோடியாக இறக்கிய பிறகே அதில் ஒரு பகுதி விற்றது. மையர்சனின் விற்பனையாளர், பொருள் விற்காவிட்டால் அதை நிரந்தரமாகப் பூட்டி வைப்பார். அரசு அப்படிச் செய்யாது, மறுபடி குறைந்த விலைக்கு வரும் என்று ஏலதாரர்களுக்குத் தெரிந்தால் 50 என்ற விடை நிற்காது. இந்த வழக்கை ஒருமுறை எழுதிப் பார்த்தவர், ‘விற்பவர் சொன்ன சொல்லில் நிற்பார்’ என்ற அனுமானத்தை அதன்பின் கேட்காமல் விடமாட்டார்.

சீட்டும் கிரிக்கெட்டும்

நம் ஊரில் கையருகே கிடக்கும் ஏலம் ஏலச் சீட்டு. 20 பேர், மாதம் ₹5,000, சீட்டுத் தொகை ₹1,00,000. ஒருவர் ₹30,000 தள்ளி எடுக்கிறார். நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம் போனால் மீதி ₹25,000 கசராக 20 பேருக்கும் பிரிகிறது, ஆளுக்கு ₹1,250. அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது ₹3,750. பாடநூல் ஏலத்துக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு, இங்கே தோற்றவருக்கு லாபம் பூஜ்யமில்லை. எடுப்பவர் அதிகம் தள்ளத் தள்ள, எடுக்காதவருக்குக் கசர் கூடும். சுவரில் ஒட்டிய நிபந்தனைகளில் கடைசியானது இங்கே கழன்றுவிடுகிறது.

இதை நம் எடுத்துக்காட்டுக்குள் கொண்டு வாருங்கள். இரண்டு பேர், முதல் விலை, ஆனால் வென்றவர் கட்டும் தொகை இருவருக்கும் சரிபாதியாகத் திரும்புகிறது. வென்றால் கிடைப்பது மதிப்பு − (கேட்பு ÷ 2). தோற்றால் எதிராளியின் கேட்பில் பாதி. கேட்பு மதிப்புக்கு நேர்விகிதம் என்று வைத்து சராசரி லாபத்தை வகையிட்டுப் பூஜ்யமாக்கினால் விடை மதிப்பில் மூன்றில் இரண்டு. தோற்றாலும் காசு வரும் என்றால் கேட்பு குறையும் என்றுதான் முதலில் தோன்றும். கட்டும் தொகையில் பாதி தன் பைக்கே திரும்புவதால் ஏறும் பக்கம் அதைவிட வலுவாக இருக்கிறது. இரண்டு விசையையும் சமன்பாட்டில் தனித்தனி உறுப்பாகக் கண்டுபிடித்துக் குறியிடுவதுதான் பயிற்சி.

1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டுச் சட்டம் தள்ளுபடிக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்தது. ஒன்றுக்கு மேற்பட்டவர் அதே வரம்பில் நின்றால் குலுக்கல். வரம்பும் குலுக்கலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணாகப் பார்க்கலாம். வழக்கமான ஏறுவிலை ஏலத்தில் கேட்பு 50க்கு மேல் போகக் கூடாது என்று வையுங்கள். இருவரும் 50ஐத் தாண்டிய மதிப்புள்ளவர்களாக இருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில், வருவாய் 66.67க்குப் பதில் 50ஆகச் சுருங்கும். மொத்தச் சராசரி 33.33இல் இருந்து 29.17. அந்த நான்கில் ஒரு வாய்ப்பில் பொருளும் பாதி நேரம் குறைந்த மதிப்புள்ளவர் கைக்குப் போய்விடும்.

குலுக்கலுக்குப் பதில் மூடிய உறை வைத்தால்? 2012 ஐபிஎல் ஏலத்தில் நடந்தது அதுதான். ரவீந்திர ஜடேஜாவுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸும் டெக்கான் சார்ஜர்ஸும் உச்சவரம்பான 20 லட்சம் டாலரில் சமமாக நிற்க, ரகசிய டை-பிரேக்கர் தொகை எழுதிக் கொடுத்ததில் சென்னை எடுத்தது. நம் கணக்கில், 50ஐத் தாண்டிய இருவரும் கூடுதலாக எழுதுவது (மதிப்பு − 50) ÷ 2. சராசரி போட்டுப் பாருங்கள்: 50 + 16.67, அதாவது மறுபடி 66.67. வரம்பே இல்லாதது போல வருவாய் 33.33க்குத் திரும்பிவிடுகிறது. ஏன் திரும்புகிறது என்பதைத் தேற்றத்தின் நிபந்தனைகளை வைத்தே விளக்க வேண்டும், சமன்பாடு தேவையில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடிந்தால் ஒற்றைப் பொருள் ஏலம் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெற்றியாளர் சாபம்

எண்ணெய் வயல் போலப் பொருளின் மதிப்பு எல்லோருக்கும் ஒன்றே, ஆனால் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றால் வேறு உலகம். அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், கேப்பன், கிளாப், கேம்பல், 1971இல் இதைக் கவனித்து எழுதினார்கள். ஒவ்வொருவர் மதிப்பீட்டிலும் 10 ரூபாய் வரை கூடவோ குறையவோ, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பில், பிழை இருக்கலாம் என்று வையுங்கள். ஒவ்வொருவர் மதிப்பீடும் சராசரியில் சரி. ஆனால் மிகப் பெரிய மதிப்பீட்டின் சராசரிப் பிழை: இரண்டு பேர் என்றால் 3.33, நான்கு பேர் என்றால் 6, ஒன்பது பேர் என்றால் 8. போட்டி கூடக் கூட, வென்றவர் கூடுதலாக ஏமாந்திருப்பார். அதனால் போட்டியாளர் அதிகமானால் கேட்பைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கே ஒற்றை விடை இல்லை.

பயிற்சிக்கு ‘இரண்டு பணப்பை’ ஆட்டம். இருவர் பையிலும் 0–100க்குள் பணம். தன் பையில் இருப்பது மட்டும் தனக்குத் தெரியும். இரண்டு பைப் பணமும் சேர்ந்ததுதான் ஏலப் பொருள், ஏறுவிலை ஏலம். பெரும்பாலோர் ‘என் பணம் + 50’ என்று கேட்பார்கள். சமச்சீர் சமநிலை ‘என் பணம் × 2’. என் பையில் 10 இருக்கிறது, எதிராளி சமநிலைப்படி ஆடுகிறார், நான் 60 வரை நிற்கிறேன் என்று பாருங்கள். எதிராளி பையில் 30க்குக் கீழே இருந்தால் நான் வெல்வேன். அங்கே 25 இருந்தால் நான் கட்டுவது 50, கிடைப்பது 35. எதிராளியிடம் 10க்கு மேல் இருந்து நான் வெல்லும் ஒவ்வொரு முறையும் நஷ்டம். ‘நான் வென்றேன் என்றால் எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று பொருள்?’ என்பதைக் கேட்புக்கு முன்பே கேட்டுக்கொள்வதுதான் இந்தப் பகுதியின் சாரம். மில்க்ரமும் வெபரும் 1982இல் எழுதிய கட்டுரையை இதற்குப் பிறகு தொடுங்கள். முன்னால் தொட்டால் குறியீடுகளில் மூழ்கிவிடுவீர்கள்.

பல பொருள்கள்

இங்கே உள்ளுணர்வு ஏமாற்றும், ஆகவே சின்ன எண்களில் நில்லுங்கள். இரண்டு ஒரே மாதிரிப் பொருள். ஒருவருக்கு இரண்டும் வேண்டும், ஒவ்வொன்றும் 100 மதிப்பு. இன்னொருவருக்கு ஒன்று போதும், மதிப்பு 60. எல்லோருக்கும் ஒரே விலை, அது தோற்ற கேட்புகளில் பெரியது. முதலாமவர் உண்மை சொன்னால் இரண்டும் அவருக்கே, விலை 60, லாபம் 80. இரண்டாவது பொருளுக்குக் கேட்காமல் விட்டால் ஒன்றுதான் கிடைக்கும், விலை பூஜ்யம், லாபம் 100. விற்பவருக்கு 120 வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பெரியவர் தேவையைக் குறைத்துக் காட்டும் இந்த வித்தை அலைக்கற்றை, மின்சாரம், அரசுக் கடன் பத்திரம் எல்லாவற்றிலும் எதிர்ப்படும்.

விக்ரி ஏலத்தைப் பல பொருளுக்குப் பொதுமையாக்கியதும் (வென்றவர், தான் வந்ததால் மற்றவர்கள் இழப்பதைக் கட்டும் முறை) புனிதமில்லை. இரண்டு உரிமங்கள்: ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தால்தான் 100, மற்ற இருவருக்கு ஆளுக்கு ஒரு உரிமம் 100. பின்னவர்கள் இருவரும் வெல்வார்கள், ஆளுக்குக் கட்ட வேண்டியது பூஜ்யம். அவர்களில் ஒருவர் வராமலே இருந்திருந்தால் விற்பவருக்கு 100 வந்திருக்கும்.

கணினித் துறையினர் தேடுபொறி விளம்பர ஏலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் தனக்குக் கீழே உள்ளவரின் தொகையைக் கட்டுவதால் அது விக்ரி ஏலம் என்று நினைப்பது தவறு. மேல் இடத்துக்கு 100 கிளிக், கீழ் இடத்துக்கு 80. ஒரு கிளிக்கின் மதிப்பு மூவருக்கு 10, 8, 4. எல்லோரும் உண்மை சொன்னால் முதலாமவர் லாபம் 200. அவர் 5 என்று சொல்லிக் கீழிறங்கினால் 480. உண்மை சொல்வது இங்கே சமநிலையே இல்லை.

தரவோடு வேலை செய்ய

ஆய்வேட்டுக்குப் பலரும் எடுப்பது குவேர், பெரின், வுவோங் 2000இல் தந்த முறை: கேட்புகளின் பரவலில் இருந்து மறைந்துள்ள மதிப்பைப் பின்னோக்கிக் கணக்கிடுவது. இருவர் ஏலத்தில் மதிப்பு = கேட்பு + (அந்தக் கேட்பு வரையிலான திரள் பரவல் ÷ அந்தப் புள்ளியின் அடர்த்தி). நம் எடுத்துக்காட்டைப் போட்டால் கேட்பு 0–50க்குள் சீராகப் பரவியிருக்கும், மதிப்பு கேட்பின் இரு மடங்கு என்று சரியாகத் திரும்பும். உண்மைத் தரவைத் தொடுமுன் இந்தச் செயற்கைத் தரவில் நிரல் 2 என்ற சாய்வைத் தருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தராத இடம் பெரும்பாலும் மேல் விளிம்பு: கெர்னல் மதிப்பீடு (தரவில் இருந்து அடர்த்தியை மென்மையான வளைகோடாகக் கணிக்கும் முறை) அங்கே அடர்த்தியைக் குறைத்துக் காட்டும், வகுக்கும் எண் சுருங்கியதால் மதிப்பு பொய்யாக வீங்கும். விளிம்பில் ஒரு பட்டை அகலம் வெட்டிவிடுவதே வழக்கம்.

இன்னொரு பெரிய பொறி, ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் ஏலதாரர்களுக்குத் தெரிந்த தர வேறுபாடு. சாலை டெண்டர் ஒன்றில் பாறை நிலம் என்பது ஒப்பந்தக்காரர்களுக்குத் தெரியும், தரவில் இருக்காது. அந்த வேறுபாடு முழுவதையும் தனிப்பட்ட மதிப்பின் சிதறலாக எண்ணிவிட்டால் ஒப்பந்தக்காரர்களின் லாபம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரே ஏலத்தின் கேட்புகளுக்குள் தொடர்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ‘சாராத மதிப்பு’ மாதிரி உங்கள் தரவுக்குப் பொருந்தாது. ஏலதாரர் எண்ணிக்கையிலும் கவனம்: உறை கொடுத்தவர்கள் வேறு, வந்திருக்கக்கூடியவர்கள் வேறு. அடிப்படை விலை உள்ள ஏலத்தில் முன்னதை மட்டும் எண்ணினால் போட்டி குறைவாகத் தெரியும்.

இந்திய அலைக்கற்றை ஏலங்களில் தொடங்க விரும்பினால் 2010இன் 3ஜி ஏலம் நல்லது: 34 நாள், 183 சுற்று, சுமார் ₹67,719 கோடி. 2022இன் 5ஜி ஏலம் 7 நாளில் 40 சுற்றில் ₹1,50,173 கோடியோடு முடிந்தது. இரண்டு தொகையையும் அருகருகே வைத்து ‘வருவாய் இரட்டித்தது’ என்று எழுதிவிட வேண்டாம். விற்ற அலைக்கற்றையின் அளவு, அலைவரிசை, ஏலதாரர் எண்ணிக்கை, அடிப்படை விலை, பணம் கட்டும் தவணை எல்லாமே வேறு. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விதி, ஒரு ஏலம், ஒரு கேள்வி என்று சுருக்குங்கள். ‘சுற்றுக்குச் சுற்று விலை ஏற்ற அளவு எப்படி நிர்ணயமானது, அது கேட்பைப் பாதித்ததா’ என்பது ஒரு பருவத்தில் முடியும். ‘இந்தியாவில் அலைக்கற்றை ஏலம்’ முடியாது.